நிற்கக் கூடாத சத்தம்

அரவை மிஷின் ஓடுகிறவரைக்கும் சூப்பர்வைசர் சுப்பிரமணி தன் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரமாட்டார். அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேருகிற யாருக்கும் முதல் நாளே தெரிந்துவிடுகிற விஷயம் அது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்வரிசையில், பழைய பிளாஸ்டிக் டிரம்மையும் கிரேட் பெட்டியையும் அரைத்துச் சில்லாக்கி மூட்டை பிடித்து அனுப்புகிற சின்னக் கம்பெனி. நீளமான தகர ஷெட். ஒரு கோடியில் மிஷின், மறு கோடியில் அவருடைய அறை. நடுவில் என்ன நடக்கிறது என்று அவர் எட்டிப் பார்ப்பதில்லை. காதாலேயே மேஸ்திரி வேலை பார்ப்பார். சத்தம் கனமாக வந்தால் வேலை நடக்கிறது. சத்தம் மெலிந்து மிஷின் வெறும் வாயை மென்றால், "பின்னாடி இன்னா, தூக்கமா?" என்று மைக்கில் கேட்பார். சத்தமே நின்றுபோனால் மட்டும்தான் எழுந்து வருவார். அப்படி அவர் எழுந்து வந்த நாளில் யாராவது ஒருத்தருக்கு வேலை போகும்.

போன மாதம் கன்னியம்மாவுக்கு அப்படித்தான் போயிற்று. கிரேட் ஒன்று குறுக்கே சிக்கிக்கொண்டதென்று அவள் மிஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டாள். மறுநாள் காலை கேட்டில் வாட்ச்மேன் அவளை உள்ளே விடவில்லை. அதற்கப்புறம் சுப்பிரமணி ஒரு பெயிண்ட் டப்பாவைப் பாதியாக வெட்டி, பொத்தானுக்கு மேல் கவிழ்த்து, கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

"தெரியாம கை பட்டுடக் கூடாது பாரு" என்றார்.

அந்த டப்பாவுக்குப் பக்கத்தில்தான் செங்கம்மாள் நாள் முழுக்க நிற்கிறாள். மிஷினின் வாய்க்குச் சாமான் போடுவதற்காக ஆள் உயரத்தில் ஓர் இரும்பு மேடை உண்டு. கீழேயிருந்து பிரின்சி தூக்கிக் கொடுப்பாள். மேலே செங்கம்மாள் வாங்கிப் போடுவாள். செங்கம்மாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். இந்த வேலை போனால் இந்த வயதில் வேறெந்தக் கம்பெனியும் தனக்குக் கேட்டைத் திறக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆரம்பாக்கத்து ஒற்றை அறை வீட்டில் அவளும் தம்பி முனிகிருஷ்ணனும்தான். அவனுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. காலை ரயிலில் இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள். அவள் கேட்டுக்குள் போவாள். அவன் கேட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பஞ்சர் ஒட்டுவான்.

அன்றைக்கு நாஷ்டா நேரத்தில் பிரின்சியும் அந்த மரத்தடிக்கு வந்தாள். மீஞ்சூர்ப் பக்கத்துப் பெண். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

"மாமா, உங்க காலு இன்னா ஆச்சி? ஆக்சிடென்டா?"

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த செங்கம்மாளின் கை நின்றது.

"ஆக்சிடென்டு இன்னா ஆக்சிடென்டு. எங்க அக்கா தகரம் அடிச்சதுல போன காலும்மா இது" என்றான் முனிகிருஷ்ணன், டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தபடி.

"தே, வாய மூடிக்கினு வேலையப் பாரு."

"இன்னாத்துக்கு மூடணும்? பொண்ணு கேக்குது இல்ல? பாம்பு கடிச்சவன் கையில தகரத்தக் குடுத்து, நீ அடிடான்னு சொன்ன ஒரே மகராசி நம்ம செங்கம்மா தான்."

பிரின்சி சிரித்துவிட்டு, செங்கம்மாளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள்.

முனிகிருஷ்ணன் சொன்னால் அது சிரிப்புக் கதை மாதிரிதான் இருக்கும். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இந்தப் பக்கம் கம்பெனி ஒன்றும் கிடையாது. ரயில் பாதைக்கு இரண்டு பக்கமும் நெல். அதில் ஒரு கதிர்கூட அவர்களுடையதில்லை. அம்மா பூவம்மாள், ஊரே பெரிய நைனா என்று கூப்பிட்ட பண்ணைக்காரரிடம் கூலிக்குப் போனாள். மழை மாதங்களில் வீட்டு அடுப்பு எரிந்ததைவிட எரியாமல் கிடந்ததுதான் அதிகம். பிள்ளைகள் நத்தை பொறுக்கினார்கள், கீரை கிள்ளினார்கள், வேலியோரம் எது கிடைத்தாலும் வாயில் போட்டுப் பார்த்தார்கள். செங்கம்மாள் பள்ளிக்கூடத்தில் சிலேட்டு பிடித்தது ஒரே வருஷம். கதிர் பால் பிடித்ததும் பெரிய நைனா பூவம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உம் புள்ளைங்கள குருவி ஓட்ட அனுப்பு. காலையில கூழு ஊத்தறேன். அறுப்புல ஒரு மொறம் நெல்லு."

வயலின் நடுவே பரண். அதன்மேல் மண்ணெண்ணெய்த் தகரமும் அதைத் தட்ட ஒரு கொம்புமாக எட்டு வயதுச் செங்கம்மாள். கீழே வரப்பில் இன்னும் சின்னதாக முனி. விடிந்ததும் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்தில் கொட்டாங்குச்சியில் கூழ் கிடைக்கும். முனி குடித்த பிறகு மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அவள் குடிப்பாள். பசி தாங்காமல் கதிரை உருவிப் பாலை உறிஞ்சினால் அதற்கு அடி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. தகரச் சத்தம் நிற்கக் கூடாது. பெரிய நைனா வயலுக்கு வரமாட்டார். தோட்டத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார். சத்தம் நின்றால் புளிய மிளாரோடு ஓடி வருவார். அடித்து முடித்துவிட்டு, நாளைக்குக் கூழ் இல்லை என்பார். ஒன்றுக்குப் போவதென்றால்கூட ஒருத்தர் போக ஒருத்தர் அடிக்க வேண்டும்.

உச்சி வெயிலில் ஒருநாள் கீழேயிருந்து முனி "யக்கா" என்றான். வரப்பு வளையிலிருந்து கண்ணாடி விரியன் அவன் காலைப் பிடித்துவிட்டுப் புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. செங்கம்மாள் பரணிலிருந்து இறங்கினாள். தகரத்தையும் எடுத்துக்கொண்டுதான் இறங்கினாள். பாவாடை ஓரத்தைக் கிழித்து அவன் காலைக் கட்டினாள். கட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதனால் தகரத்தை அவன் மடியில் வைத்து, "நீ அடி" என்றாள். அவன் அழுதுகொண்டே அடித்தான். பிறகு அவள் வாங்கி அடித்தாள். வழக்கத்தைவிடப் பலமாக, கை வலிக்க வலிக்க அடித்தாள். இவ்வளவு பலமாக அடித்தால் யாராவது என்ன ஏதென்று பார்க்க வருவார்கள் என்று நினைத்தாள்.

யாரும் வரவில்லை. பொழுது சாய்ந்து, வேர்க்கடலைக் கொல்லையில் களை வெட்டிவிட்டு அம்மா அந்த வழியாக வந்தபோதுதான் பார்த்தாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் முனியின் உயிர் தங்கியது, கால் தங்கவில்லை. பெரிய நைனா தெருவில் நான்கு பேருக்கு நடுவே சொன்னாராம்: "நா இன்னாத்தக் கண்டேன்? பொண்ணு இன்னிக்கு நல்லா ஓட்டுதேன்னு இல்ல படுத்துக்கினு இருந்தேன்."

"நிறுத்தியிருந்தா அந்தாளு மிளாரத் தூக்கினு ஓடியாந்திருப்பான்" என்றான் முனிகிருஷ்ணன், ஓட்டையைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு. "முதுகுல நாலு உழுந்திருக்கும். காலு எங்கிட்டயே இருந்திருக்கும். இன்னாக்கா, நா சொல்றது சரிதான?"

"அன்னிக்கி நிறுத்தக் கூடாதுன்றது ஒண்ணுதான்டா எனக்குத் தெரியும். வேற இன்னா தெரியும்?"

அவள் பொட்டலத்தை அப்படியே மரத்தடி நாய்க்கு வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே மணி அடித்தது.

முந்தின நாள் மழை பிடித்திருந்ததால், புதிதாக வந்த லோடை முற்றத்தில் போடாமல் ஷெட்டுக்குள்ளேயே அடுக்கியிருந்தார்கள். டிரம்மை நசுக்கிப் பட்டையால் இறுக்கிய கட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். மிஷினுக்குப் போகிற சந்தின் ஓரமாகக் கூரை தொடுகிற உயரத்துக்கு அவை நின்றன. அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா பெரிம்மா, எங்க சர்ச்சு கோபுரத்த இங்க கொண்டாந்து வச்சிகிறாங்க?" என்றாள் பிரின்சி. அந்தக் கோடியில் மூட்டை பிடிக்கிற சாராள், அடுக்கு ஆடுகிறதென்று காலையிலேயே சுப்பிரமணியிடம் சொல்லியிருந்தாள். சாயங்காலம் ஆள் வந்ததும் இறக்கிக்கொள்ளலாம் என்றாராம்.

மிஷின் ஓட ஆரம்பித்தது. அதற்கப்புறம் பேச்சு கிடையாது. கையை ஆட்டித்தான் எதையும் சொல்ல வேண்டும். செங்கம்மாள் மேடையில் ஏறி நின்றாள். பிரின்சி அடுக்கின் கீழ்வரிசையிலிருந்து கட்டு ஒன்றை உருவி, பட்டையை அறுத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு தரம் அவள் குனியும்போதும் செங்கம்மாளின் பார்வை அடுக்கின் உச்சிக்குப் போய் வந்தது. மேலேயிருந்து எடு என்று கையைக் காட்டினாள். எட்டவில்லை என்று பிரின்சி சைகை செய்து, நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள்.

மத்தியானத்துக்கு முன்னால் அது நடந்தது. செங்கம்மாள் ஒரு கிரேட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அடுக்கு வளைந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மேலே இருந்த கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து சந்தை நிரப்பின. ஒரு சத்தமும் கேட்கவில்லை. மிஷினின் இரைச்சலுக்குள் அவ்வளவு பாரமும் பஞ்சுபோல விழுந்தது.

பிரின்சியின் தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன. மார்புக்கு மேல் இரண்டு கட்டுகள். அவள் வாய் திறந்து மூடியது. கண் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

செங்கம்மாள் மேடையின் படிக்குப் போனாள். படியை மறித்துக் கட்டுகள் கிடந்தன. காலால் உந்தினாள், அசையவில்லை. மேலே கிடந்த இன்னொன்று சறுக்கி நின்றது. ஏறிக் குதித்தால் அது அந்தப் பெண்ணின் முகத்தின் மேல்தான் போகும். "சாராளு" என்று கத்தினாள். "சார்" என்று கத்தினாள். தன் குரல் தன் காதுக்கே வரவில்லை. ஷெட்டின் அந்தக் கோடியில் கண்ணாடிக்குப் பின்னால் சுப்பிரமணியின் தலை நிழலாகத் தெரிந்தது, போனைப் பார்த்துக் குனிந்தபடி.

மிஷினின் சத்தம் மெலிய ஆரம்பித்தது. வாயில் சாமான் தீர்ந்துவிட்டது. செங்கம்மாளின் கை பக்கத்தில் கிடந்த கிரேட்டை எடுத்துப் போட்டது. போடு என்று யாரும் சொல்லவில்லை. கை பாட்டுக்குப் போட்டது. போட்ட பிறகு, நசுக்காத முழு டிரம் இரண்டு மேடையில் இருப்பது அவள் கண்ணில் பட்டது. முழு டிரம்மைப் போடக் கூடாது. போட்டால் மிஷின் ஷெட்டே அதிருகிற மாதிரி அலறும். அலறட்டும், அந்த அலறலுக்காவது அந்த ஆள் எழுந்து வரட்டும் என்று ஒன்றைப் பிடித்துத் தள்ளினாள். மிஷின் அலறியது. கூரைத் தகரம் நடுங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் நிழல் ஒரு தரம் நிமிர்ந்தது. மறுபடி குனிந்துகொண்டது.

அவள் இன்னொரு டிரம்மைத் தூக்கினாள். தூக்கியபோது கீழே பார்த்தாள். பிரின்சியின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. வெளியே நீட்டியிருந்த கை, தரையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டியது.

செங்கம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். வரப்பில் உட்கார்ந்து, மடியில் தகரத்தை வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே தட்டிய கை இப்படித்தான் ஓய்ந்து ஓய்ந்து தட்டியது. அன்றைக்கு அவள் தன் கொம்பை இன்னும் ஓங்கித்தான் அடித்தாள். இன்றைக்கும் டிரம்மைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

டிரம்மைக் கீழே போட்டாள். பெயிண்ட் டப்பாவைப் பிடித்து இழுத்தாள். கம்பி விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, மேடைக் கம்பியில் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். கம்பி விரலை அறுத்துக்கொண்டு அவிழ்ந்தது. சிவப்புப் பொத்தானை மறு கையால் அடித்தாள்.

மிஷின் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. ஷெட்டே காது அடைத்துப்போன மாதிரி ஆனது. பிறகு முதல் சத்தமாகப் பிரின்சியின் மூச்சு கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பதுபோன்ற ஒரு மூச்சு. அதற்குப் பின்னாலேயே, அந்தக் கோடியிலிருந்து செருப்புச் சத்தம் தடதடவென்று வந்தது.

"எவ அது நிறுத்துனது? கையி இன்னா உனக்கு..." என்று வந்த சுப்பிரமணி பாதியில் நின்றார். கட்டுகளையும், அதற்கடியில் இருந்த முகத்தையும் பார்த்தார்.

"ஆள கூப்புடு சார்" என்றாள் செங்கம்மாள் மேலேயிருந்து. "மேல கெடக்கறத மொதல்ல புடிங்க. சறுக்கினு நிக்கிது அது. சாராளு, அவ தலையப் புடிச்சிக்கோ."

மூட்டை தூக்குகிற ஆட்கள் ஓடி வந்தார்கள். சத்தம் நின்றதும் பக்கத்துக் கம்பெனி ஆட்கள்கூட வாசலில் எட்டிப் பார்த்தார்கள். கட்டுகளைத் தூக்கி எறிய வெகுநேரம் ஆகவில்லை. பிரின்சியை இழுத்துச் சாக்கின் மேல் கிடத்தினார்கள். மூச்சு வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாள். விலா எலும்பு போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். செங்கம்மாள் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், அவள் முந்தானையைப் பிரின்சி கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னா தெரியும்?" என்றார் சுப்பிரமணி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "மிஷின் அந்த ஓட்டம் ஓடுது. இன்னிக்கு நல்லாப் போவுதுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

செங்கம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் கையில் போன் அடித்தது. முதலாளி. அவர் சற்றுத் தள்ளிப் போய், "ஒண்ணும் இல்ல சார், தோ ஓட்டிடறேன், ரெண்டு நிமிஷம்" என்றார். திரும்பி வந்தபோது குரல் பழையபடி ஆகியிருந்தது.

"குட்டியானை வண்டி வருது, அதுல ஏத்தி அனுப்பிடலாம். சாராளு கூடப் போவட்டும். செங்கம்மா, நீ மேல போய் மிஷினப் போடு."

"நா போறேன் சார் ஆஸ்பத்திரிக்கு."

"நீ போனா யாரு சாமான் போடறது? உன் வேலைக்கு நானா நிக்க முடியும்?"

"வண்டி கெளம்பட்டும். அப்பறம் ஓட்டிக்கோங்க."

"இந்தாம்மா." சுப்பிரமணி குரலைத் தாழ்த்தினார். "பொத்தான அமுக்குனத நா பெருசு பண்ணல. ஒரு உசுரு சமாச்சாரம், சரி. ஆனா இப்ப நீ வண்டியில ஏறுனா, அது உன் இஷ்டத்துக்குப் போறது. கன்னியம்மா சமாச்சாரம் ஞாபகம் கீது இல்ல?"

"கீது சார்."

"செங்கம்மா, நா போறேனே. நீ இரு. தம்பிய வச்சிக்கினு பேஜாரு பண்ணிக்காத" என்றாள் சாராள்.

அது நியாயமான பேச்சுதான். செங்கம்மாள் தன் முந்தானையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். ஒரு கையால் மெல்லப் பிரிக்கப் பார்த்தாள். அவை பிரியவில்லை, இன்னும் இறுகின.

வண்டி உள்ளே வந்ததும் அவள்தான் முதலில் ஏறி, பிரின்சியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

கேட்டில் கூச்சலாக இருந்தது. வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு முனிகிருஷ்ணன் ஒற்றைக் காலில் நின்றான். கக்கத்துக் கட்டை கீழே கிடந்தது. மரத்தடியில் ஒருத்தன் சக்கரம் கழற்றிய பைக்கோடு விழித்துக்கொண்டு நின்றான். முனிகிருஷ்ணனின் கையிலிருந்து பஞ்சர் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள உடுய்யான்றேன். எங்க அக்கா கீது உள்ள" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்து நின்றது. அவன் செங்கம்மாளைப் பார்த்தான். அவள் விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான். மடியில் கிடந்த பெண்ணைப் பார்த்தான்.

"நீ எங்கடா வந்த?" என்றாள்.

"சத்தம் நின்னுபோச்சி. உனக்குத்தான் இன்னாவோ ஆச்சின்னு வந்தேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. கடைய யாரு பாக்கறது?"

"கட எங்க ஓடப்போவுது? அத தூக்கினு போறவனுக்கு ஓட்ட டியூபுதான் கெடைக்கும்." அவன் கட்டையை எடுத்து வண்டிக்குள் எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து எம்பி ஏறினான்.

வண்டி ரோட்டுக்குத் திரும்பியபோது பின்னால் மிஷின் ஓட ஆரம்பித்தது. முதலில் வெறும் வாயாக, பிறகு கனமாக. அவளுடைய இடத்தில் வேறு யாரோ நின்று சாமான் போடுகிறார்கள். பிரின்சி கண்ணைத் திறந்தாள்.

"பெரிம்மா... மிஷினு..."

"ஓடட்டும். நீ மூச்சப் பாத்து உடு. பேசாத. பேசாம இருக்கறதுதான் உனக்குக் கஷ்டம், தெரியும்."

பிரின்சியின் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பா வலியா என்று தெரியவில்லை.

நாளைக்குக் கேட்டில் என்ன நடக்கும் என்று செங்கம்மாளுக்குத் தெரியும். அதைப் பற்றித் தம்பியிடம் ரயிலில் சொல்லிக்கொள்ளலாம். அவன் கேட்கவுமில்லை. அவள் கைப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவன் கடைசியில், "யக்கா, தகரத்த இன்னும் உடலையா நீ?" என்றான்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். பாதியாக வெட்டிய பெயிண்ட் டப்பா, கம்பியோடு, கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைத்தாள். ரோட்டுக் குழியில் வண்டி குதிக்கக் குதிக்க அது பலகையில் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. செங்கம்மாள் காலை நீட்டி, பாதத்தால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிரின்சியின் மூச்சு இப்போது நன்றாகக் கேட்டது.